எல்லாமே கொள்ளை விலையா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

எந்தப் பொருள் விலை ஏறினாலும் உங்கள் நாளிதழின் செய்தித் தலைப்பில் ‘கொள்ளை விலை’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. மழையில் வரத்து குறைந்தாலும் கொள்ளை விலை, கப்பல் தாமதமானாலும் கொள்ளை விலை, மூலப்பொருள் விலை ஏறி விற்பவரே கையைப் பிசைந்துகொண்டு நின்றாலும் அதே கொள்ளை விலைதான். அப்படி எழுதினால் யாரோ ஒருவரைக் கொள்ளைக்காரன் என்று சொன்னதாகத்தானே அர்த்தம்?

இதைச் சொல்ல நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? எல்லாமே ஏறினால் விலைவாசி உயர்வு. கேட்பவர் அதிகம், சரக்கு குறைவு என்றால் கிராக்கி. கட்டுப்படியாகவில்லை என்றால் யார் மீதும் பழி இல்லை, நம் பை நிலவரம் மட்டும்தான். ‘யானை விலை குதிரை விலை’யைக் கவனியுங்கள், பெரும்பாலும் ‘சொல்கிறான்’ என்றுதான் முடிப்போம், அதாவது பேரம் இன்னும் முடியவில்லை, குறைத்துக் கேட்க இடம் இருக்கிறது.

கொள்ளை விலை வேறு ரகம். வாங்குகிறவருக்கு வேறு வழியில்லை என்று தெரிந்துகொண்டே ஏற்றுவது அது. 2020-ல் கொரோனா பரவியபோது முகக்கவசம் விற்ற கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்கக் கிராக்கி இருந்தது உண்மை, அதற்கான வடிகட்டித் துணிக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியதும் உண்மை, அதனால் புதிதாகத் தயாரித்தவர் கூடுதலாகக் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் பழைய விலையில் வாங்கிக் குவித்துவைத்திருந்த பெட்டிகளைப் பல மடங்குக்கு விற்றவருக்கு என்ன செலவு கூடியது? அவருக்குத்தான் அந்தச் சொல். இருவரையும் ஒரே தலைப்பில் அடைத்தால் பதுக்கியவர் கூட்டத்தோடு கூட்டமாகத் தப்பித்துவிடுவார்.

கொள்ளை என்றால் மிகுதி என்றும் பொருள் உண்டே, ‘கொள்ளை அழகு’ என்கிறோமே என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது வாதாடலாம். சரி, ஆனால் விலையோடு சேர்ந்ததும் யாரும் அதை அப்படிப் படிப்பதில்லை. ‘கொள்ளை மலிவு’ என்று விளம்பரம் கொடுக்கிறவர்களுக்கு வேண்டுமானால் அந்தப் பொருள் வசதி.

‘அநியாய விலை’யைக்கூட விட்டுவிடலாம், அது வாங்குகிறவரின் புலம்பல், கோபத்தில் வருவது. செய்தித்தாள் கொள்ளை என்று அச்சடித்தால் அது குற்றச்சாட்டு.

ஆகவே அந்தத் தலைப்பைப் போடும் நாளில், வாங்கிய விலை என்ன, விற்ற விலை என்ன, நடுவில் எடுத்தது யார் என்பது செய்திக்குள் இருக்கட்டும். அது கிடைக்கவில்லையா, ‘விலை உயர்வு’ என்று போட்டால் போதும்.

இப்படிக்கு,
தினமும் படிக்கும் வாசகர்