புல் வெட்டும் முன் எல்லைக் கம்பம் நடுங்கள்

மதிப்புக்குரிய கவுன்சில் பூங்காப் பிரிவினருக்கு,

உங்கள் துண்டறிக்கைகள் தமிழிலும் வருவதால் இந்த மடலைத் தமிழிலேயே எழுதுகிறேன். மேற்கு சிட்னியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள ரிசர்வில் (பொதுப் பசுமை நிலத்தில்) டவுனி வாட்டில் என்ற மஞ்சள் பூப் புதர்களை மறுபடியும் புல்லோடு சேர்த்து வெட்டிவிட்டார்கள். புகார் உங்களிடம் இருக்கிறது, விவரம் வேண்டியதில்லை.

போய்ப் பார்த்தேன். கணுக்கால் உயரத்தில் நார் நாராகக் கிழிந்த தண்டுகள். கீழே கிடந்த கிளைகளில் மென்மயிர்கூட வாடவில்லை. ஆகஸ்டில் மலர வேண்டிய மொட்டுகள் கடுகளவில் திரண்டிருந்தன.

அதே இடத்தில் கிடந்த நனைந்த அட்டைப்பெட்டியைத் தூக்கினால் அடியில் சாம்பல் நிற ஓடில்லா நத்தைகள். ஐரோப்பாவிலிருந்து வந்தவை. ஆண், பெண் இரண்டும் ஒரே உடலில். ஒன்றே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். புல்வெட்டி வந்தால் மண்ணிடுக்கில் பதுங்கிவிடும். யாருடைய தயவும் அதற்குத் தேவையில்லை.

வாட்டிலின் நிலை அப்படியா? உலகத்திலேயே சிட்னி வட்டாரத்தில் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது. பாங்ஸ்டவுன், ஃபேர்ஃபீல்ட், ரூக்வுட் பக்கமும் பிட் டவுன் பக்கமும்தான் அதிகம். விதை பிடிப்பது குறைவு. பெரும்பாலும் வேரிலிருந்து கன்று விட்டுத்தான் பரவும். பத்துச் செடி என்று நாம் எண்ணுவது ஒரே செடியாகவும் இருக்கலாம். மாநிலச் சட்டம், மத்தியச் சட்டம் இரண்டிலும் அழியும் அபாயமுள்ள இனம் என்று பட்டியலில் இருக்கிறது. ஆனால் உங்கள் தோட்டக் கையேட்டில் நத்தையை விரட்ட ஒரு முழுப் பக்கம். இந்தச் செடிக்கு ஒரு வரிகூட இல்லை.

வாட்டில் நிற்கும் இடத்தைச் சுற்றி எல்லைக் கம்பம் நடுங்கள் என்றுதான் கேட்கிறோம். புல்வெட்டி ஓட்டுபவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். குப்பை கொட்டுகிறார்கள் என்று சொன்னாலும் பதில் இல்லை, களை மண்டுகிறது என்றாலும் பதில் இல்லை. வாட்டில் பூவைக் கொண்டாடும் செப்டம்பர் 1 வாட்டில் தினத்துக்கு மட்டும் மஞ்சள் பூப் படத்தோடு வாழ்த்து வருகிறது. அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

மன்னிக்கவும், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அடுத்த முறை புல் வெட்டும் முன் தயவுசெய்து கம்பங்களை நடுங்கள். கம்பங்களுக்கு உள்ளே களையைக் கையால் மட்டும் பிடுங்கச் சொல்லுங்கள். வெட்டுப்பட்ட வேர்களிலிருந்து இப்போதே கன்று கிளம்பக்கூடும். இடத்தைக் காட்ட ஆள் வேண்டுமென்றால், எந்த நாளானாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
ரிசர்வுக்கு அருகில் குடியிருப்பவர்