டெஸ்ட் பேஜ் வருகிறது, பில் வரவில்லை: புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். விருதுநகரில் பருப்பு, வத்தல் மண்டி வைத்திருக்கிறேன். உங்கள் ஷோரூமில் வாங்கிய கம்ப்யூட்டர், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பற்றி மறுபடியும் எழுதுகிறேன். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

எங்கள் பில் புரோகிராம் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தது. எல்பிடி1 என்கிற பழைய பேரலல் பிரிண்டர் போர்ட்டுக்குத்தான் பில்லை அனுப்பும். வாங்கும் முன்பே இதைச் சொன்னேன். "அதெல்லாம் ஓடும் சார்" என்று 32 பிட் விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்தது உங்கள் ஆள்தான். புரோகிராம் ஓடுகிறது, சரி. பிரிண்டரில் இருப்பதோ யுஎஸ்பி மட்டும். எல்பிடி1-க்குப் போகிற பில் யுஎஸ்பிக்கு எப்படி வந்து சேரும்? பிரிண்டர் விற்கிற உங்களுக்கு இது தெரியாதா?

கடைக்கு வந்த இன்ஜினியர் விண்டோஸிலிருந்து நேராக டெஸ்ட் பேஜ் எடுத்துக் காட்டி, புகாரை முடித்துவிட்டுப் போய்விட்டார். டெஸ்ட் பேஜையா வத்தல் வாங்க வந்தவரிடம் கொடுப்பது?

பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் மதுரை சர்வீஸ் சென்டருக்குப் போனதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. டோக்கன் போட்டு உட்காரவைத்தார்கள். கவுன்ட்டரில் இருந்தவர் மொபைலிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அப்பா காலத்துப் புரோகிராமை வச்சுக்கிட்டு எங்க உசிர ஏன் சார் வாங்குறீங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காசு கொடுத்தவன் நான்!

பிரிண்டரை ஷேர் செய்து, 'நெட் யூஸ்' கட்டளையால் எல்பிடி1-ஐ அதன் பக்கம் திருப்பிவிட்டது பக்கத்து ஆடிட்டர் ஆபீஸ் பையன். அதைக்கூட உங்கள் ஆட்கள் சொல்லவில்லை. இப்போது பில் வருகிறது, ஆனால் புரோகிராமை மூடினால்தான். புரோகிராம் போர்ட்டை விடாமல் பிடித்திருப்பதால், பில் முடியவில்லை என்று விண்டோஸ் காத்திருக்கிறதாம். லாரிக்காரர் வாசலில் ஹாரன் அடிக்க, பில்லுக்கு ஒரு தரம் மூடித் திறக்கிறோம். மறந்துபோனால் சாயங்காலம் எல்லா பில்லும் சடசடவென்று ஒன்றாக வந்து விழுகிறது. தீபாவளி வியாபாரமே போச்சு. லட்சக்கணக்கில் நஷ்டம்.

தயவுசெய்து பேரலல் போர்ட் உள்ள பிரிண்டரை மாற்றிக் கொடுத்து, கம்ப்யூட்டரிலும் அதற்கான கார்டைப் போட்டுத் தாருங்கள். முடியாவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இந்த வாரத்துக்குள் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கடை பில்லின் நகலை இணைத்திருக்கிறேன்.

காலை 10 மணிக்கு மேல் மண்டியில்தான் இருப்பேன். யாரை வேண்டுமானாலும் அனுப்புங்கள், அந்தக் கவுன்ட்டர்காரரைத் தவிர.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்