2001இல் என்னிடம் கைப்பேசி இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருமணமாகி வந்த நாளிலிருந்து தங்கள் இதழை வாங்கிப் படிப்பவள் நான். சென்ற வார இணைப்பின் குழந்தை வளர்ப்புப் பக்கத்தில், "தாய்மார்கள் கைப்பேசியில் மூழ்கிக் கிடப்பதே இன்று ஆட்டிசம் பெருகக் காரணம்" என்று ஒரு வரி வந்திருந்தது. அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. இதழை மடித்து வைத்துவிட்டேன்.

என் மகன் 2001இல் பிறந்தான். அப்போது எங்கள் வீட்டில் கைப்பேசி கிடையாது. அவசரம் என்றால் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் போவோம். இரண்டு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் மட்டும் ஓடிப் போய் நிற்பான். மாமியார் வசம்பு உரைத்து நாக்கில் தடவினார். "ஆண் பிள்ளை, மெதுவாகத்தான் பேசும்" என்றார்கள் உறவினர்கள். உள்ளூர்க் குழந்தை மருத்துவரும் அதையேதான் சொன்னார். அவனுக்கு 4 வயதானபோது சென்னையில் ஒரு மருத்துவர் 'ஆட்டிசம்' என்றார்; பிறரோடு பேசிப் பழகுவதும் உலகை உணர்வதும் பிறவியிலேயே வேறு விதமாக அமைவது அது. அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அதுவரை என்னிடம் எல்லோரும் கேட்டது ஒன்றே: "நீ அவனிடம் பேசுவதே இல்லையா?" தொண்டை வறளப் பேசினேன், ஐயா.

தாயின் மீது பழி போடுவது புதிதல்ல என்பது தாங்கள் அறியாததல்ல. மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் ஆட்டிசமுள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோது இது பிறவியிலேயே வருவது என்றுதான் முடித்தார். பின்னாளில் அவரே பெற்றோரின் பாசம் உறைந்துபோனது என்றும் எழுதினார். உலகம் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டது. 1967இல் சிகாகோவின் புருனோ பெட்டல்ஹைம் அதையே ஒரு புத்தகமாக்கிப் பெரும் புகழ் பெற்றார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, ஆட்டிசமுள்ள மகனைப் பெற்ற உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட், இது வளர்ப்பினால் வருவதல்ல, உடலில் வேர் கொண்டது என்று சான்றுகளோடு எழுதியிருந்தார். 1977இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் இரட்டையரை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. வேறு கருக்களில் உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. மரபணுவின் பங்கு அன்றே தெரிந்துவிட்டது. திரையை அதிகம் பார்க்கும் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகலாம், மறுக்கவில்லை. அது வேறு, ஆட்டிசம் வேறு.

'பெருகுகிறது' என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுக் கணக்கில் 8 வயதுக் குழந்தைகள் 150 பேரில் ஒருவர். 2022ஆம் ஆண்டுக் கணக்கில் 31 பேரில் ஒருவர். இந்த உயர்வின் பெரும்பகுதி, வரையறை விரிந்ததாலும் தேடிக் கண்டறிவதாலும் வந்தது. என் மகனின் 2 வயதில் எங்கள் ஊரில் யாராவது கணக்கெடுத்திருந்தால் அவன் அதில் இருந்திருக்க மாட்டான்.

பத்திரிகைகளில் வரும் ஒரு வரி வீட்டுக்குள் வந்து என்ன செய்யும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1998இல் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில், அம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறதோ என்ற சந்தேகத்தைக் கிளப்பினார். அந்தச் செய்தித் துணுக்கை எங்கோ படித்து, மகளுக்கு ஒன்பதாம் மாத அம்மை ஊசி போடாமல் விட்டேன். அவளுக்கு மணல்வாரி வந்து பத்து நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். 2010இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 2019இல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளை ஆராய்ந்து தொடர்பே இல்லை என்றார்கள். சந்தேகம் வந்த அளவுக்கு இந்தச் செய்திகள் என் கண்ணில் படவே இல்லை.

2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர், ஆட்டிசத்துக்குக் காரணம் என்று கர்ப்பிணிகள் போடும் பாராசிட்டமால் மாத்திரையைக் குற்றம் சாட்டினார். அன்று மாலையே நாத்தனார் தொலைபேசியில் கேட்டார்: "அண்ணி, அவன் வயிற்றில் இருந்தபோது உங்களுக்குக் காய்ச்சல் வந்ததே, மாத்திரை போட்டீர்களா?" மகனுக்கு 24 வயது ஆன பிறகும் எனக்கு விசாரணை முடியவில்லை. சுவீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளை, உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டே ஆராய்ந்து, தொடர்பில்லை என்று 2024லேயே சொல்லிவிட்டார்கள். அதை நாத்தனாருக்குச் சொன்னேன். "இருந்தாலும்..." என்றார்.

தங்கள் இணைப்பின் அந்தக் கட்டுரையில் ஆட்டிசம் உள்ளவர்களைக் குறிக்க 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்ற சொல்லும் இருந்தது. அரசுப் படிவங்களிலும் அதுவே இருப்பதால் தங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் தெருவில் காலை 7.40 பஸ் இரண்டு நிமிடம் தாமதமானால் என் மகன் வாசலில் நின்று கையைப் பிசைவான். அடுத்த வீட்டுக் குழந்தை அழுதால் காதைப் பொத்திக்கொண்டு அவனும் அழுவான். புற உலகம் அவனுக்குத் தேவைக்கு மேல் கேட்கிறது. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இல்லாததால் அவனுடைய முதல் சான்றிதழில் 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று எழுதிக் கொடுத்தார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 குறைபாடுகளில் ஒன்றாக இதைச் சேர்த்த பிறகுதான் காகிதத்திலாவது சரியான பெயர் வந்தது.

காரணத்தைப் பற்றி இத்தனை எழுதுகிறவர்கள் துணையைப் பற்றி ஏன் எழுதுவதில்லை? வாரம் ஒரு முறை கும்பகோணத்திலிருந்து இரவு பஸ்ஸில் சென்னைக்குப் போய், 45 நிமிடப் பயிற்சி முடித்து, அன்றிரவே திரும்புவோம். மூன்று ஆண்டுகள் இப்படி ஓடின. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்த ஓர் ஆய்வு 2016இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தது. நிபுணர் அல்லாத சாதாரணப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் மூலம் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்: குழந்தையின் கவனம் போகும் இடத்துக்கு நீங்களும் போங்கள், அதனிடமிருந்து வருவதற்குப் பதில் கொடுங்கள் என்று. அந்தக் குழந்தைகள் தாமாகவே பெற்றோரை நாடுவது கூடியது. தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் துணையாக அமர்த்திய ஆய்வு அது. எங்கள் ஊர் அங்கன்வாடியில் அப்படி ஒருவர் இருந்திருந்தால், தண்ணீர்த் தொட்டிக்கு அவனோடு நானும் ஓடியிருப்பேன். கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து 'அம்மா' சொல்லச் சொல்லி அடித்திருக்க மாட்டேன். அடித்தேன், ஐயா. அதை இன்றுதான் எழுதுகிறேன்.

உறவினர் திருமண அழைப்பிதழோடு வரும்போது, "அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்களா?" என்று கேட்கிறார்கள். அதாவது அவனை அழைத்து வராதீர்கள் என்று. அவனுக்கு 18 வயது முடிந்தபின் வங்கியில் சட்டப்படியான காப்பாளர் சான்று கேட்டார்கள். அதற்கு வழி செய்யும் தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இலேயே வந்துவிட்டது. ஆனால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுதான் அந்தச் சான்றைத் தர வேண்டும் என்பதை அறியவே எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. எங்களுக்குப் பிறகு அவன் யாரிடம் இருப்பான் என்பதை எந்தக் குழுவிடம் கேட்பது?

தங்களிடம் நான் வேண்டுவது பெரிதல்ல. அந்த வரி தவறு என்று, அதே இணைப்பில், அதே பக்கத்தில், ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இடமிருந்தால் காப்பாளர் சான்றுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்பதையும் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

என் பெயரையும் தெருவையும் தயவுசெய்து வெளியிட வேண்டாம். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கும்பகோணம்