சொன்னதுதான் அர்த்தம்: கெம்னிட்ஸில் வேலை தேடும் மகளுக்கு

அன்புக் கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய ரெஸ்யூமே, மூன்று கம்பெனிகளுக்குப் போட்ட விண்ணப்பக் கடிதம், கோயம்புத்தூர் கம்பெனி தந்த எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் எல்லாவற்றையும் நேற்று ராத்திரி வரி வரியாகப் படித்தேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

நாற்பது இடத்தில் போட்டும் பதிலே இல்லை, மார்க் போதவில்லையோ என்று கேட்டாய். மார்க்கில் ஒரு குறையும் இல்லை. உன் காகிதங்கள் சென்னை எச்.ஆர். படிப்பதற்காக எழுதப்பட்டவை. நம் ஆள் "இந்தப் பொண்ணு இதைத்தான் சொல்ல வருது" என்று ஊகித்துக்கொள்வார். ஜெர்மனியில், உன் கெம்னிட்ஸ் இருக்கும் சாக்சனி மாநிலத்தில் உட்கார்ந்திருப்பவர் ஊகிக்க மாட்டார். எழுதியதை எழுதியபடி படிப்பார், எழுதாததை இல்லை என்று எடுத்துக்கொள்வார்.

ரெஸ்யூமேவில் ஆரம்பிக்கலாம். "மேலே கண்ட விவரங்கள் யாவும் உண்மை" என்று கடைசியில் ஒரு டிக்ளரேஷன் வைத்திருக்கிறாயே, அதை முதலில் எடு. அப்பா பெயர், திருமண நிலை, பாஸ்போர்ட் எண் எதுவும் வேண்டாம். போட்டோ கட்டாயமில்லை. 2006இல் வந்த சமத்துவச் சட்டத்துக்குப் பிறகு கம்பெனி அதைக் கேட்பது வழக்கமில்லை. ஆனாலும் பலர் இன்னும் வைக்கிறார்கள். வைப்பதானால் ஸ்டுடியோவில் எடுத்ததை வை, கல்யாண வீட்டில் எடுத்து வெட்டியதை வைக்காதே. மொத்தம் இரண்டு பக்கம், கடைசியாகச் செய்தது மேலே.

"2021–2023" என்று வருஷத்தை மட்டும் போட்டிருக்கிறாய். அங்கே இடது ஓரத்தில் மாதமும் வருஷமும் வேண்டும்: 07/2021 – 08/2023. வருஷம் மட்டும் இருந்தால் இடைவெளியை மறைக்கிறாள் என்றுதான் தோன்றும். இடைவெளி இருந்தால் "ஜெர்மன் மொழிப் படிப்பு" என்று உள்ளதை எழுதிவிடு. நான்கு மாத இடைவெளியை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை, விளக்கமில்லாத நான்கு மாதம்தான் உறுத்தும்.

"டெஸ்டிங் வேலைகளுக்குப் பொறுப்பு வகித்தேன்" என்ற வரியைப் பார். யார், எதை, எதைக் கொண்டு சோதித்தது? நீ போனில் சொன்னதையே எழுது: பம்பு மோட்டார் சோதனை மேசை, வாரம் 12 மோட்டார், சுருளின் வெப்பநிலை, பேரிங் அதிர்வு அளவீடு, தரவை மேட்லேப் மென்பொருளில் அலசி வாராந்தர அறிக்கை. அவ்வளவுதான், பெருமை அதிலேயே வந்துவிடும். "கடின உழைப்பாளி", "டீம் பிளேயர்" எல்லாம் போகட்டும். மொழி வரியில் "ஜெர்மன்: ஃப்ளூயன்ட்" என்று போட்டிருக்கிறாய், கையில் இருப்பது பி1 (நடுத்தர நிலை) சான்றிதழ். பி1 என்றே போடு. ஃப்ளூயன்ட் என்று எழுதினால் இன்டர்வியூவின் முதல் நிமிஷத்திலேயே ஜெர்மனுக்கு மாறிவிடுவார்கள். நீ தடுமாறினால் மொழி போதவில்லை என்று நினைப்பதோடு விட மாட்டார்கள், எழுதியது பொய் என்றும் முடிவு கட்டுவார்கள்.

பெயர் விஷயம் ஒன்று. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது, கல்லூரிச் சான்றிதழில் வெறும் இனிஷியல், ரெஸ்யூமேவில் வேறு மாதிரி. எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வைத்துக்கொள். உன்னை "ஃப்ராவ் செல்வராஜ்" (ஃப்ராவ் என்றால் திருமதி) என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும், பழகிக்கொள்.

இப்போது எக்ஸ்பீரியன்ஸ் லெட்டருக்கு வருகிறேன். பெரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. சொன்னதற்குச் சொன்னதுதான் அர்த்தம் என்கிற அந்த ஊரில், ஒரே ஒரு காகிதம் மட்டும் சங்கேத மொழியில் எழுதப்படுகிறது. ஆர்பைட்ஸ்சோய்க்னிஸ் என்கிற பணிச் சான்றிதழ்தான் அது. வேலையை விட்டுப் போகிறவருக்கு எழுத்தில் சான்றிதழ் தர வேண்டும் என்று தொழில் சட்டத்தின் 109ஆம் பிரிவு சொல்கிறது. அது உண்மையாகவும் இருக்க வேண்டும், ஆளின் எதிர்காலத்தைக் கெடுக்காதபடி நல்லெண்ணத்தோடும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. இரண்டையும் சேர்த்து எப்படி எழுதுவது? எல்லாவற்றையும் பாராட்டாகவே எழுதி, பாராட்டின் அளவை மட்டும் கூட்டிக் குறைத்துக்கொண்டார்கள். மறைபொருள் வைத்து எழுதக் கூடாது என்று அதே பிரிவு தடுக்கிறது என்பதுதான் வேடிக்கை.

"ஷ்டெட்ஸ் ட்சூ உன்ஸரர் ஃபோல்ஸ்டன் ட்சுஃப்ரீடன்ஹைட்", அதாவது "எப்போதும் எங்களுக்கு மிக முழுமையான திருப்தி" என்றிருந்தால் முதல் தரம். "எப்போதும் முழுத் திருப்தி" இரண்டாவது. "எப்போதும்" போய் வெறும் "முழுத் திருப்தி" என்றால் சுமார், மூன்றாவது. அதுதான் சராசரி என்று 2014இல் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது, அதற்கு மேல் வேண்டுபவர் தாமே நிரூபிக்க வேண்டும். வெறும் "திருப்தி" என்றால் நான்காவது. "முயற்சி செய்தார்" என்று வந்தால் தேறவில்லை என்று பொருள். கடைசிப் பத்தியில் "போவது வருத்தம், செய்ததற்கு நன்றி, மேலும் வெற்றி பெற வாழ்த்து" என்ற மூன்றும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒன்று விடுபட்டாலும் மனஸ்தாபத்தோடு போனதாக வாசிப்பார்கள்.

இந்தக் கண்ணோடு உன் கோயம்புத்தூர் லெட்டரைப் படி. "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வேலை பார்த்தார், நடத்தை நன்று, வாழ்த்துகள்." நமக்கு அது சாதாரண ரிலீவிங் லெட்டர். அவருக்கோ, இரண்டு வருஷம் வேலை பார்த்தவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லாத கம்பெனி! அந்த மேனேஜரிடம் பேசி, லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கம் கேட்டு வாங்கு. கம்பெனி என்ன தயாரிக்கிறது, உன் பதவி, ஐந்தாறு பணிகள், எந்தக் கருவிகள், வேலையின் தரம், நீயே விரும்பி விலகினாய் என்பது எல்லாம் வேண்டும். வரைவை நீயே எழுதிக் கொடு, அவருக்கு நேரம் இருக்காது. ஜெர்மனியில் ஆறு மாதம் ப்ராக்டிகும் (பயிற்சி வேலை) செய்தாயே, அதற்கும் சோய்க்னிஸ் (சான்றிதழ்) கேள். "எப்போதும்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கு.

விளம்பரத்தைப் படிக்கும்போது கட்டாயம் எது, இருந்தால் நல்லது எது என்று பிரித்துப் பார். கட்டாயத்தில் முக்கால்வாசி பொருந்தினால் போடலாம். ஆனால் மொழி வரிக்குச் சலுகை கிடையாது. பேச்சுவார்த்தை நடத்தும் அளவு ஜெர்மன் என்று கேட்டால் சி1 (மேல்நிலை) மாதிரி என்று வைத்துக்கொள். விண்ணப்பக் கடிதம் ஒரே பக்கம். விளம்பரத்தில் ஒருவர் பெயர் இருக்கும், அவரை விளித்து எழுது. குறிப்பு எண், எந்தத் தேதியிலிருந்து சேர முடியும், எதிர்பார்க்கும் சம்பளம், இந்த மூன்றையும் கேட்டிருந்தால் மூன்றுக்கும் பதில் சொல். உன் கடிதங்களில் சம்பளத்துக்கு "கம்பெனி விதிகளின்படி" என்று எழுதியிருக்கிறாய். நமக்கு அது பணிவு, அவர்களுக்கு அது பதில் சொல்லாத கேள்வி.

சம்பளம் என்றால் வருஷ மொத்தம், யூரோவில், பிடித்தத்துக்கு முன். சி.டி.சி. மாதிரி முதலாளி கட்டும் பங்கையெல்லாம் அதில் சேர்ப்பதில்லை. 48,000 என்றால் மாதம் 4,000. தனி ஆளான உனக்கு முதல் வரிப் பிரிவில் கையில் வருவது சுமார் 2,600. சில கம்பெனிகள் 13 மாதச் சம்பளமாகப் பிரிக்கும், எதால் வகுப்பது என்று கேட்டுவிடு. சாக்சனியில் பராமரிப்புக் காப்பீட்டுக்கு (முதியோரையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்வதற்கான காப்பீடு) தொழிலாளியின் பங்கு மற்ற மாநிலங்களைவிட அரை சதவீதம் கூட. அந்தக் காப்பீட்டுக்கு ஈடாக மற்ற மாநிலங்கள் ஒரு விடுமுறை நாளை விட்டுக்கொடுத்தபோது, சாக்சனி மட்டும் நவம்பரில் வரும் அந்தப் புதன்கிழமை விடுமுறையை விடாமல் பிடித்துக்கொண்டது. லீவும் வேண்டும் காசும் வேண்டும் என்றால் எப்படி!

புளூ கார்டு (பட்டம் படித்த வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) வாங்கத் தேவையான சம்பள வரம்பையும் மனதில் வைத்துக்கொள். 2026க்கு ஆண்டுக்கு 50,700 யூரோ. பொறியியல் போன்ற ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கும், பட்டம் வாங்கி மூன்று வருஷம் ஆகாதவர்களுக்கும் 45,934.20. ஓய்வூதியக் காப்பீட்டின் உச்ச வரம்பிலிருந்து கணக்கிடுவதால் ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும். 45,500க்கு ஆசையாகத் தலையாட்டிவிட்டு அப்புறம் விழிக்காதே. புளூ கார்டு கிடைத்தால், பி1 இருப்பவருக்கு 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு கிடைக்கும், ஏ1 (ஆரம்ப நிலை) மட்டும் என்றால் 27. உன் பி1 இங்கேதான் பலன் தரும். ஆளை வேறு கம்பெனிக்கு வாடகைக்கு அனுப்பும் ஏஜென்சி வேலை வந்தால் யோசி. வேலைவாய்ப்புத் துறையின் சம்மதம் தேவைப்படும் அனுமதிகளில், அப்படிப்பட்ட வேலைக்குச் சம்மதம் மறுக்கப்படும். குறைந்த வரம்பில் வாங்கும் புளூ கார்டும் அதில் அடக்கம்.

தேடும் இடத்தையும் மாற்று. பெர்லின், மியூனிக் என்றே போட்டிருக்கிறாய். மோட்டார், பம்பு, விசிறி செய்கிறவர்கள் பாதிப் பேர் சின்ன ஊர்களில் இருக்கிறார்கள். நம் சென்னையில் கிளை வைத்திருக்கும் ஈபிஎம்-பாப்ஸ்ட்டின் தலைமையகம் முல்ஃபிங்கன் என்ற சிற்றூரில். அங்கெல்லாம் பஸ் குறைவு, போட்டியும் குறைவு. பதிலுக்கு இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், ஆகஸ்டிலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் இன்னும் இழுக்கும். இரண்டு வாரம் கழித்து ஒரு போன் போட்டுக் கேட்பது தப்பில்லை. படிப்பு முடித்தபின் கிடைத்த 18 மாத அனுமதியில் எந்த வேலையும் செய்யலாம்தான், ஆனால் கடை வேலையிலேயே பத்து மாதம் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்.

இன்டர்வியூவுக்குப் பத்து நிமிஷம் முன்னால் போ, அரை மணி முன்னால் போய் நிற்காதே. அவர்கள் பேசும்போது நாம் பக்கவாட்டில் தலையை ஆட்டுவோமே, அதை "இல்லை" என்றோ "தெரியவில்லை" என்றோ எடுத்துக்கொள்வார்கள். வாயைத் திறந்து "யா" என்று சொல். "சிமுலிங்க் (மாடல் செய்யும் மென்பொருள்) தெரியுமா?" என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடாதே. "ஒரு ப்ராஜெக்ட்டில் இந்த மாடல் செய்தேன், கன்ட்ரோலர் வடிவமைத்ததில்லை" என்பது அங்கே நல்ல பதில். தெரியாது என்பதைச் சொல்லத் தெரிந்தவளை, தெரியும் என்று சொல்லும்போதும் நம்புவார்கள். கடைசியில் உனக்கு ஏதாவது கேள்வி உண்டா என்பார்கள். இல்லை என்றால் ஆர்வமில்லை என்று பொருள். முதல் மூன்று மாதத்தில் என் வேலை என்ன, யார் சொல்லிக் கொடுப்பார் என்று கேள்.

சேர்ந்த பிறகும் இதே கதைதான். மீட்டிங்கில் பேசாமல் இருந்தால் சம்மதம். "இது தப்பு" என்று எல்லார் முன்னாலும் சொல்வார்கள், மத்தியானம் அதே ஆள் உன்னோடு சாப்பிட உட்காருவார். தப்பு என்றது வேலையை, உன்னை இல்லை. "மோசமில்லை" என்றால் பாராட்டு என்று வைத்துக்கொள். வேலை தாமதமாகும் என்று தெரிந்த அன்றே சொல், கடைசி நாளில் சொன்னால் தாமதத்தைவிட மறைத்ததுதான் பெரிய குற்றம். ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்தால் யாரும் மெச்ச மாட்டார்கள். சட்டப்படி நாளுக்கு எட்டு மணி, கூடிப்போனால் பத்து, அதைத் தாண்டினால் மாட்டிக்கொள்வது உன் மேலதிகாரி. உடம்பு சரியில்லை என்றால் வேலை தொடங்கும் முன்பே தகவல் சொல். மூன்று நாளுக்கு மேல் போனால் டாக்டர் சான்று வேண்டும், சில கம்பெனிகள் முதல் நாளே கேட்கும். பிறந்த நாளுக்குக் கேக் வாங்கி வர வேண்டியவள் நீதான், முன்கூட்டியே வாழ்த்துச் சொன்னால் ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. "சார்" வேண்டாம். அவர்களாக "டூ" (நீ) சொல்லும் வரை "சீ" (நீங்கள்) என்றே பேசு.

ஒப்பந்தத்தில் சோதனைக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் இரு தரப்பும் இரண்டு வார நோட்டீஸில் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. வேலையை விட்டு நீக்குவதானாலும் நீயே விலகுவதானாலும் கையெழுத்திட்ட காகிதம் வேண்டும், மெயிலும் வாட்ஸ்அப்பும் செல்லாது. நீக்கும் காகிதம் வந்தால் வழக்குப் போட மூன்று வாரம்தான் கெடு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மூன்று நாளுக்குள் பதிய வேண்டும், வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு இரண்டு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். "பரஸ்பர ஒப்புதலோடு பிரிவோம்" என்று ஒரு தாளை நீட்டினால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதே. போட்டால் வேலையில்லாக் காலப் பணம் 12 வாரம் வரை நிறுத்தப்படலாம். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல், அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை.

திருத்திய ரெஸ்யூமேவை வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. வெள்ளி என்றால் உங்கள் ஊர் வெள்ளி மத்தியானம், அதற்கு மேல் அங்கே ஆபீஸில் ஆள் இருக்காது, இங்கே எனக்கும் தூக்கம் வந்துவிடும். சான்றிதழ்களையெல்லாம் சேர்த்து ஒரே பி.டி.எஃப். ஆக்கி அனுப்பு, ஒன்பது ஃபைலாக அனுப்பாதே.

அன்புடன்,
அம்மா