லட்டுவைத் தேடின எல்லாருக்கும்

ரெண்டு நாளாக் காணாம போயிருந்த எங்க பீகிள் நாய் லட்டு வந்துட்டான். இப்ப என் கால்மாட்டுல குறட்டை விட்டுக்கிட்டு கெடக்கான். அந்த ரெண்டு நாள் கதையை மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்ல, நீடாமங்கலம் பூரா தெரிஞ்ச கதைதானே.

ஸ்டேட்டஸ் வச்சவங்க, ராத்திரி டார்ச்சோட வெண்ணாத்தங்கரை முழுக்க நடந்த தெருப் பசங்க, பெங்களூர்ல இருந்து மணிக்கொருதரம் போன் போட்ட ரெஸ்க்யூ அக்கா, உண்ணியெல்லாம் எடுத்துட்டு காசு வேணாம்னுட்ட டாக்டர் தம்பி, எல்லாருக்கும் சேத்து ஒரே கும்பிடாப் போட்டுக்கறேன், கோச்சுக்காதீங்க.

ஏன்னா லட்டுவைக் கண்டெடுத்த வாத்துக்காரப் பெரியவரைப் பத்திதான் எனக்கு எழுதணும். வெண்ணாறு மூணாப் பிரியற மூணாறு தலைப்புக்கு அந்தாண்ட, குறுவை அறுத்த வயல்ல வாத்துப் பட்டி போட்டிருந்தார். நெல்லுத் தாளுக்கு மேல வெள்ளையா ஒரு வால் நுனி மட்டும் ஆடிக்கிட்டு வந்துச்சாம், பீகிளுக்கு வால் நுனி அப்படித்தான், அவர் கொக்குன்னு நெனச்சிருக்கார். நாய்னு தெரிஞ்சதும் கம்பை எடுத்துட்டார். இவன் ஓடவும் இல்ல, கொரைக்கவும் இல்ல, அப்படியே மல்லாந்துட்டானாம். லேப்ல வளந்தவன் இல்லையா, யாரு கையை நீட்டினாலும் அசையமாட்டான். இந்தச் சாதுக் குணத்துக்காகவேதான் மருந்து டெஸ்டுக்கு பீகிளைப் புடிக்கறாங்க.

பெரியவர் காதைப் பொரட்டிப் பாத்திருக்கார். உள்ளாற பச்சை குத்தின நம்பர். "நம்பரு போட்டு வச்சிருக்காங்கன்னா யாரோ ஆசையா வளக்கறாங்கன்னு நெனச்சேம்மா"ன்னார். எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு. அது லேப்ல போட்ட நம்பர், பேரே வைக்காம போட்டது, அதைப் போய் இந்த மனுஷன் பாசம்னு படிச்சிருக்கார். துண்டைக் கிழிச்சுக் கயிறாக்கி, பழைய சோத்துல பாதியை வச்சு, ராத்திரி மழைக்குத் தார்ப்பாய்க்குள்ள தன் பக்கத்துலயே படுக்க வச்சிருக்கார்.

பணம் நீட்டினேன், வாங்கல. செல்லுக்குச் சார்ஜ் போட்டுத் தாங்கன்னு மட்டும் கேட்டார்.

கேட்டுக்கு அடியில இருந்த இடுக்கைக் கொத்தனாரை வச்சு அடைச்சாச்சு. மோப்பம் புடிச்சா பீகிளுக்குக் காது கேக்காது, பெல்ட் இல்லாம வெளிய விடாதீங்கன்னு அக்கா தத்துக் குடுத்த அன்னைக்கே படிச்சுப் படிச்சு சொன்னாங்க, காது கேக்காதது எனக்குத்தான். இனிமே பெல்ட் இல்லாம வாசப்படி தாண்டமாட்டான், இது சத்தியம்.

நேத்து ராத்திரி பெரியவர் போன் பண்ணினார். வாத்தையெல்லாம் மன்னார்குடி பக்கம் ஓட்டிட்டுப் போயிட்டாராம்.

"நம்பரு சாப்பிட்டானாம்மா?"