தோட்ட நிர்வாகத்திற்கு: ஒரு பிளாக்கை (தோட்டப் பகுதியை) களையழிக்கும் பூஞ்சைச் சோதனைக்கு ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

நம் செம்பனைத் தோட்டத்தின் சாலையோரத்துச் சம்பாவ் களைப்புல் சாகவில்லை, அதனால் களைமருந்தின் அளவைக் கூட்டி மறுபடியும் அடியுங்கள் என்று சென்ற வாரம் காலை ஆளெடுப்பான பெரட்டில் மேற்பார்வையாளர் மண்டோர் அறிவித்தார். அது உங்கள் உத்தரவு என்பதால்தான் இம்மடல்.

அந்தப் புல் ஏன் சாகவில்லை என்பது நீங்கள் அறியாததல்ல. கிளைபோசேட் என்ற களைமருந்துக்கு மசியாத சம்பாவ், 1997இல் மலேசியாவில் நம் தெலுக் இந்தான் பக்கமே கண்டறியப்பட்டது. 2009இல் குளுபோசினேட் என்ற இன்னொரு களைமருந்தையும் தாங்கும் சம்பாவ் புல் நாட்டில் வெளிப்பட்டது. பாராகுவாட் என்ற களைமருந்துக்கு 2020 முதல் தடை. இனியும் அளவைக் கூட்டினால் தாங்கும் புல்தான் பெருகும்.

கூட்டிய மருந்தைச் சுமப்பது என் அக்கா போன்றவர்கள். முதுகில் சுமக்கும் மருந்துப் பம்பின் வார் அழுத்திய தோள் கறுத்துக் காய்ப்பேறியிருக்கிறது. பாராகுவாட் காலத்தில் கழன்ற நகங்கள் இன்றும் கோணலாகவே வளர்கின்றன. விரல் நுனி வெடிப்பில் குழம்பு பட்டால் எரிகிறதென்று சோற்றைக் கரண்டியால் சாப்பிடுகிறார்.

காண்டாமிருக வண்டை அழிக்க மெட்டாரைசியம் பூஞ்சை, எலியைப் பிடிக்கும் ஆந்தைகளுக்குக் கூண்டு. செம்பனைக்கு இவை புதிதல்ல. புல்லுக்கும் பூஞ்சை உண்டு. ட்ரெக்ஸ்லெரா, எக்ஸ்செரோஹிலம் பூஞ்சைகளின் வித்துகளை எண்ணெய்க் குழம்பில் கலந்து, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் களைப்புற்கள் மீது வயலிலேயே தெளித்துச் சோதித்திருக்கிறார்கள். வித்து முளைக்க இலை பல மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். எண்ணெய் அந்த ஈரத்தைக் காக்கிறது. மாலை மழையும் விடியற்காலைப் பனியும் உள்ள நம் ஊரில் இதைச் சோதிக்காமல் வேறெங்கே சோதிப்பது?

இது எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. லாலாங் என்ற களைப்புல்லின் இலை கருகினாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மறுபடி துளிர்க்கும். இளம் புல்லில்தான் பலன் அதிகம். நெல்லும் சோளமும் புல் இனமே. அவற்றைத் தாக்காது என்று உறுதியான பிறகே தெளிக்க வேண்டும். அதற்காகத்தான் ஒரே ஒரு பிளாக் கேட்கிறேன்.

லாரி பழுதானால் அன்றே பணம் ஒதுக்குகிறீர்கள். மருந்தடிக்கும் பெண்கள் கிழியாத கையுறை கேட்டால் அடுத்த மாதம் என்கிறது ஆபீஸ். எத்தனை அடுத்த மாதங்கள், ஐயா? கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருள்க.

ஆராய்ச்சியாளர்களை அழையுங்கள். இங்கே நோயுற்ற சம்பாவ் இலைகளிலிருந்து பூஞ்சையைப் பிரித்தெடுத்துச் சோதிக்க ஒரு பிளாக்கை ஒதுக்குங்கள். அளவைக் கூட்டும் உத்தரவை அடுத்த மருந்தடிப்புக்கு முன்பே திரும்பப் பெறுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருந்தடிக்கும் தொழிலாளி ஒருவரின் தம்பி