ஈகோவா, ஸ்போர்ட்டா? ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

"ஸ்போர்ட் மோடிலேயே ஓட்டினால் எஞ்சின் போய்விடுமா?" என்று சர்வீஸுக்கு வரும் பலர் கேட்கிறார்கள். போகாது. மோடு மாற்றினால் மாறுவது கம்ப்யூட்டரின் கணக்குதான். ஈகோவில், அதாவது சிக்கன மோடில், அதே மிதிக்குத் த்ராட்டில் (எஞ்சினுக்குக் காற்று விடும் கதவு) குறைவாகத் திறக்கும், கியர் சீக்கிரம் ஏறிவிடும். சில மாடல்களில் ஏசியும் மட்டுப்படும். ஸ்போர்ட்டில் லேசாக மிதித்தாலே பாயும், கியரை ஏற்றாமல் பிடித்து வைக்கும். எந்த மோடிலும் ஆர்.பி.எம். மீட்டரின் சிவப்புக் கோட்டைத் தாண்ட கம்ப்யூட்டர் விடாது. ஸ்போர்ட்டில் பெட்ரோல் செலவும் சூடும்தான் கூடும். காலையில் எஞ்சின் சூடேறும் வரை மட்டும் ஸ்போர்ட் வேண்டாம்.

ஈகோவுக்கும் இடம் பார்க்க வேண்டும். ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாகப் பாலம் ஏறும்போது எஞ்சின் முனகி வண்டி அதிர்ந்தால் நார்மலுக்கு மாற்றுங்கள். ஈ.சி.ஆரில் பஸ்ஸை முந்துவதாக இருந்தால் வலப்பக்கம் எடுப்பதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். எடுத்த பிறகு கியர் இறங்கக் காத்திருப்பது ஆபத்து. ஓடும்போதே மோடு மாற்றலாம். டி-யிலிருந்து (முன்னே போக) ஆர்-க்கு (ரிவர்ஸ்) மட்டும் வண்டி முழுசாக நின்ற பிறகுதான்.

கியர்பாக்ஸைக் கெடுப்பது பெரும்பாலும் மோடு அல்ல, ஊர்ந்து போகும் பழக்கம். ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சைக் காலுக்குப் பதில் ஒரு மோட்டாரோ ஹைட்ராலிக்கோ இயக்குகிறது. அரும்பார்த்தபுரம் மேம்பாலச் சரிவில் நெரிசலில் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரிலேயே வண்டியைத் தாங்கினால் கிளட்ச் பிளேட் தேய்ந்துகொண்டே இருக்கும், கருகல் வாடையும் வரும். அங்கே எந்த மோடும் காப்பாற்றாது. பிரேக்கில் நில்லுங்கள். முன்வண்டி ஒரு கார் நீளம் நகர்ந்த பிறகு ஒரே மூச்சில் எடுங்கள். உலர் கிளட்ச் டி.சி.டி.க்கும் (இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்) இதேதான். டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் கிளட்ச் பிளேட்டுக்குப் பதில் ஆயில் வழியாக விசை போவதால் இதைத் தாங்கும், ஆனால் அந்த ஆயில் சூடாகும்.

பி (பார்க்கிங்) உள்ள வண்டியைச் சரிவில் நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடி என்-க்கு (நியூட்ரல்) போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, கால் பிரேக்கை மெல்ல விட்டு வண்டி அசையாததைப் பார்த்த பிறகு பி-க்குப் போடுங்கள். நேராகப் பி போட்டுக் காலை எடுத்தால் மொத்தப் பாரமும் உள்ளே இருக்கும் சிறு கொக்கியில் தொங்கும். மறுபடி எடுக்கும்போது 'டக்' என்று கேட்பது அதனால்தான்.

கியர்பாக்ஸ் ஆயில் கருத்துக் கருகல் வாடை அடித்தால் கிலோமீட்டர் கணக்குக்குக் காத்திருக்க வேண்டாம். வரும்போது ஓனர் மேனுவலையும் கொண்டு வாருங்கள். சி.வி.டி.யில் (பெல்ட்டில் ஓடும் கியர்பாக்ஸ்) சாதாரண ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றினால் பெல்ட் வழுக்கும். மேனுவலில் சொன்ன ஆயிலைத்தான் ஊற்றுவோம்.

இப்படிக்கு,
ஒர்க்‌ஷாப் பணியாளர்கள், புதுச்சேரி